கபர்ஃபோரா முகாம்: சம்மதத்துக்கு முன்னால் சொல்லப்படாதவை

2012 ஜனவரி 7ஆம் தேதி இரவு, பீகாரின் அராரியா மாவட்டத்தில் கபர்ஃபோரா என்ற ஊரின் அரசு நடுநிலைப் பள்ளியில் 53 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்தது. எட்டு மணிக்கு ஆரம்பித்து பத்து மணிக்கெல்லாம் முடித்துவிட்டார்கள். அறுவை செய்தவர் ஒரே ஒரு மருத்துவர். பிள்ளைகள் வைத்து எழுதும் மேசைகளில்தான் பெண்களைப் படுக்க வைத்தார்கள். வெளிச்சத்துக்கு டார்ச் விளக்கு. முன்பரிசோதனை எதுவும் கிடையாது. கையுறைகூடப் போதவில்லை. ஏதாவது விபரீதம் ஆனால் என்ன செய்வது என்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. முகாமை நடத்தியது ஒரு தொண்டு நிறுவனம். அதற்கான அங்கீகாரத்தை மாவட்ட சுகாதார நிர்வாகம் அப்போதுதான் கொடுத்திருந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள், சமூகத்தில் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்டவர்கள்.

அவர்களில் ஒருவர் ஏற்கெனவே கருவுற்றிருந்தார். அது யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கரு கலைந்துபோனது.

பீகாரைச் சேர்ந்த சுகாதார உரிமைச் செயல்பாட்டாளர் தேவிகா பிஸ்வாஸ் இந்த முகாமைப் பற்றி விவரம் திரட்டி, அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். நான்கு ஆண்டுகளுக்கு மேல் நடந்த வழக்கு அது. 2016 செப்டம்பர் 14 அன்று நீதிபதிகள் மதன் பி. லோகுர், உதய் யு. லலித் அமர்வு தீர்ப்பளித்தது. குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்கள் பற்றி இந்தியாவில் வந்த தீர்ப்புகளில் மிக முக்கியமானது அதுதான்.

கபர்ஃபோராவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் டார்ச் விளக்கைப் பற்றியும் பள்ளி மேசையைப் பற்றியும் பேசுகிறார்கள். கேட்டதும் நெஞ்சு பதறும் விஷயம் அது, பேசத்தான் வேண்டும். ஆனால் மனுவில் இருந்த இன்னொரு குற்றச்சாட்டு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஆபரேஷன் என்றால் என்ன, அதில் என்ன ஆபத்து இருக்கிறது, அதன் பிறகு என்ன நடக்கும் என்று அந்த 53 பேரில் யாருக்கும் எடுத்துச் சொல்லப்படவில்லை என்பதே அது. இந்தக் கட்டுரை அந்த ஒரு குற்றச்சாட்டைப் பற்றியது. எட்டு மணிக்கு மேல் நடந்தது அறுவை சிகிச்சையின் தரக்கேடு. எட்டு மணிக்கு முன்னால் நடக்காமல் போனது குடும்பக் கட்டுப்பாட்டுக் கல்வி. நல்ல ஆபரேஷன் தியேட்டர், பளிச்சென்ற விளக்கு, கை நிறையக் கையுறை எல்லாம் இருந்திருந்தாலும் இரண்டாவது குறை அப்படியே இருந்திருக்கும்.

சின்ன கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். இரண்டு மணி நேரம் என்பது 120 நிமிடம். 53 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு இரண்டே கால் நிமிடம். மயக்க மருந்து, கீறல், தையல் எல்லாம் அதற்குள். அந்த இடத்தில் ஒரு பெண் 'கொஞ்சம் இருங்க, எனக்கு ஒரு சந்தேகம்' என்று வாய் திறந்திருந்தால் வரிசையே நின்றுபோயிருக்கும்.

என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பெண்களுக்கான கருத்தடை ஆபரேஷனில் கருக்குழாய்கள் இரண்டையும் வெட்டிக் கட்டுவார்கள், அல்லது வளையம் போட்டு அடைப்பார்கள். கருப்பையை எடுப்பதில்லை. மாதவிலக்கு நிற்காது. உடல் வலு குறையாது. இது முதலில் சொல்ல வேண்டியது, ஏனென்றால் கிராமத்திலும் நகரத்திலும் பெண்களுக்கு இருக்கும் பயத்தில் பாதி இதைச் சுற்றியே இருக்கிறது.

அடுத்தது, இது நிரந்தரம். மீண்டும் குழந்தை வேண்டும் என்று தோன்றினால் குழாயை இணைக்க ஓர் அறுவை உண்டு. ஆனால் அது பெரிய அறுவை, பலன் கிடைக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. இருபத்தைந்து வயதில் இந்த முடிவை எடுக்கும் பெண்ணுக்கு, அவளுக்கு இருக்கும் பிள்ளைகளில் ஒன்று நாளைக்கு இறந்துபோகலாம் என்பதையும் சேர்த்து யோசிக்கும் உரிமை இருக்கிறது. சொல்லக் கசப்பாக இருக்கும். சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, நிரந்தரம் என்பதால் தவறவே தவறாது என்று அர்த்தமில்லை. ஆயிரம் பேருக்குச் செய்தால் முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய ஐந்து பேருக்குக் கரு தங்கிவிடுகிறது. காலம் போகப் போக இந்த எண்ணிக்கை கொஞ்சம் கூடும். அப்படித் தங்கும் கரு கருப்பைக்குள் வளராமல் குழாயிலேயே வளரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனால் அல்லது அடிவயிற்றில் கடுமையாக வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த ஒரு வாக்கியம் தெரிந்தால் உயிர் பிழைக்கும். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று நம் வீட்டுப் பெண்களிடமே கேட்டுப் பார்க்கலாம்.

நான்காவது, வேறு வழிகளும் இருக்கின்றன. 2012இலேயே அரசு சுகாதார நிலையங்களில் நிரோத் உறை, மாலா-என் மாத்திரை, காப்பர்-டி எல்லாம் இலவசம். காப்பர்-டி ஒரு முறை போட்டால் ரகத்தைப் பொறுத்து ஐந்து ஆண்டோ பத்து ஆண்டோ இருக்கும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கணவர் செய்துகொள்ளக்கூடிய ஆபரேஷன் இதைவிட எளிது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, சில நிமிடங்களில் முடியும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். அதற்கும் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: ஆபரேஷன் ஆன மறுநாளே பலன் வந்துவிடாது. மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்தி, அப்புறம் விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டால் அந்த மூன்று மாதத்துக்குள் மனைவி கருவுறலாம். கருவுற்றால் பழி யார் மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்விக் குறை ஒரு குடும்பத்தையே உடைக்கும் இடம் அது.

கடைசியாக ஒன்று. மத்திய அரசின் சம்மதப் படிவத்திலேயே அது அச்சாகியிருக்கிறது. 'எந்த நேரத்திலும் நான் வேண்டாம் என்று சொல்லலாம், அப்படிச் சொன்னால் எனக்குக் கிடைக்கும் மற்ற சேவைகள் எதுவும் பறிபோகாது' என்பது அதன் சாரம். இதைப் படித்துக் காட்டினால் ஒரு நிமிடம் ஆகாது. ரேஷன் அட்டை, வேலை அட்டை, பிள்ளைக்குத் தடுப்பூசி என்று அரசை நம்பியே வாழும் ஒரு பெண்ணுக்கு, அரசு ஊழியரிடம் 'வேண்டாம்' என்று சொல்லலாம் என்பதே புதுச் செய்தியாக இருக்கும்.

இத்தனையும் பொறுமையாகப் பேச அரை மணி நேரம் ஆகும். கேள்வி கேட்டால் இன்னும் கொஞ்சம். கபர்ஃபோராவுக்கு வந்த பெண்களுக்கு அந்த அரை மணி நேரம் முகாமிலும் கிடைக்கவில்லை, அதற்கு முந்தைய வாரங்களிலும் கிடைக்கவில்லை.

சொல்ல வேண்டியவர் யார்?

முகாமுக்கு ஆள் வருவது தானாக நடப்பதில்லை. ஆஷா பணியாளர் (கிராமத்திலேயே தேர்ந்தெடுக்கப்படும் சுகாதாரத் தொண்டர்), துணை செவிலியர், அங்கன்வாடி ஊழியர் என்று யாராவது வீடு வீடாகப் போய் அழைத்து வருகிறார்கள். அலுவலக மொழியில் அப்படி வருகிற ஒவ்வொருவரும் ஒரு 'கேஸ்'. இத்தனை கேஸ் கொண்டுவந்தார் என்றுதான் ஊழியரின் வேலை அளக்கப்படுகிறது.

கபர்ஃபோரா நடந்த காலத்தில் இதில் பணம் எப்படிப் பிரிந்தது என்று பார்த்தால் மீதி புரியும். 2007இல் வகுத்த விகிதப்படி, ஒரு பெண்ணை ஆபரேஷனுக்கு அழைத்து வருபவருக்கு 150 ரூபாய், ஓர் ஆணை அழைத்து வந்தால் 200 ரூபாய். 2011இல் ஆஷாக்கள் கருத்தடைச் சாதனங்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் வந்தது. மூன்று உறைகள் கொண்ட பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய், ஒரு மாத மாத்திரை அட்டைக்கு ஒரு ரூபாய் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு பக்கம் 150 ரூபாய், இன்னொரு பக்கம் ஒரு ரூபாய். உட்கார்ந்து எல்லா முறைகளையும் விளக்கி, அந்தப் பெண் 'யோசிச்சு அடுத்த மாசம் சொல்றேன்' என்று சொல்லிவிட்டால் கையில் ஒன்றுமே இல்லை.

ஆஷாக்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மாதச் சம்பளம் என்று நிலையாக ஒன்று இல்லாமல், செய்த வேலைக்கு ஏற்ற ஊக்கத்தொகையை நம்பிக் குடும்பம் நடத்துபவர்கள் அவர்கள். ஊரில் ஒரு பெண்ணுக்கு நள்ளிரவில் வலி எடுத்தால் கூடப் போவதும் அவர்கள்தான். இப்படி ஒரு கூலி முறையை வைத்துக்கொண்டு, நடுநிலையோடு எல்லா முறைகளையும் எடுத்துச் சொல்லுங்கள் என்று அவர்களிடம் எதிர்பார்ப்பதுதான் தவறு. அழைத்து வருபவரும் விளக்கிச் சொல்பவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, முதல் வேலை இரண்டாவதைத் தின்றுவிடும்.

எப்படி இங்கே வந்து சேர்ந்தோம்

உலகிலேயே முதலில் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக எடுத்துக்கொண்ட நாடு இந்தியா, 1952இல். சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர், நமக்கு இருவர்' வாசகமும் சுவரெல்லாம் வந்தன. விளம்பரம் என்ற அளவில் அது பெரிய வெற்றி. இன்று எந்தக் கணக்கெடுப்பில் கேட்டாலும் நூற்றுக்கு 99 பேர் நவீனக் கருத்தடை முறை ஒன்றின் பெயராவது சொல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் கல்வி அந்தப் பெயரோடு நின்றுவிட்டது.

ஆள் சேர்க்கப் பணம் கொடுக்கும் பழக்கத்துக்கு நம் ஊரும் வழிகாட்டியது. 1950களின் பிற்பகுதியில் சென்னை மாநிலம்தான் ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களுக்கும், அவர்களை அழைத்து வந்தவர்களுக்கும் பணம் கொடுக்க ஆரம்பித்தது. 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே மாபெரும் முகாமில் 63,418 ஆண்களுக்கு வாசக்டமி, அதாவது ஆண் கருத்தடை ஆபரேஷன், நடந்தது. திருவிழாவைப் போல நடத்தினார்கள், பணமும் பரிசுப் பொருட்களும் கொடுத்தார்கள். தில்லி அதை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது. பிறகு நெருக்கடிநிலை வந்தது. 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் 82 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள். அவற்றில் முக்கால் பங்கு ஆண்களுக்கு. சாகும்வரை மறக்க முடியாத அளவுக்கு வட இந்திய கிராமங்கள் மிரண்டுபோயின. நெருக்கடிநிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கையில் ஆபரேஷனோடு தொடர்புடைய 1,774 மரணங்கள் பதிவாகியுள்ளன.

அதற்குப் பிறகு எந்த அரசியல்வாதியும் ஆண்களின் பக்கம் திரும்பவே இல்லை. திட்டத்தின் பெயர் 'குடும்ப நலம்' என்று மாறியது, சுமை முழுவதும் பெண்கள் மேல் இறங்கியது. 1996இல் இலக்கு நிர்ணயிப்பதைக் கைவிடுவதாக மத்திய அரசு அறிவித்தது. 'இலக்கு' என்ற சொல்லுக்குப் பதிலாக 'எதிர்பார்க்கப்படும் அளவு' போன்ற சொற்கள் கோப்புகளில் நுழைந்தன. தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைக் கவனித்தது. மறைமுகமாகக்கூட இலக்கு வைக்கக் கூடாது என்று மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

விளைவை 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் பார்க்கலாம். திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 சதவீதம். கருத்தடை முறை பயன்படுத்தும் பெண்களில் 62.4 சதவீதம் பேருக்குத்தான் பக்கவிளைவு பற்றி யாராவது சொல்லியிருக்கிறார்கள். முந்தைய கணக்கெடுப்பில் 46.6 ஆக இருந்தது, கூடியிருப்பது உண்மை. இருந்தாலும் நூற்றுக்கு 38 பேர் ஒன்றும் கேட்காமல் மாத்திரை விழுங்குகிறார்கள், கருவி பொருத்திக்கொள்கிறார்கள், மேசையில் படுக்கிறார்கள். எந்த முறையும் பயன்படுத்தாத பெண்களின் நிலை இன்னும் மோசம். அவர்களில் 23.9 சதவீதம் பேரிடம்தான் சுகாதாரப் பணியாளர் ஒருவர் எப்போதாவது இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஆண்களில் 35 சதவீதம் பேர் கருத்தடை பெண்கள் பாடு, ஆண்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று நினைக்கிறார்கள். அவர்களிடம் யாரும் வந்து வேறு மாதிரி சொல்லவில்லை. மதியம் வீட்டுக்கு வரும் ஆஷா, வயலிலோ வெளியூரிலோ இருக்கும் கணவரை எங்கே போய்ப் பார்ப்பார்?

பள்ளிக்கூடமாவது சொல்லித் தரலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. வளரிளம் பருவக் கல்வித் திட்டம் 2005இல் தொடங்கியது. இரண்டே ஆண்டில் மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உட்படப் பல மாநிலங்கள் அதை ஏற்க மறுத்தன. பதினெட்டு, பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வரும் பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரிந்தது அம்மாவும் தோழிகளும் அரைகுறையாகச் சொன்னதுதான். அவளிடம் திடீரென்று ஒரு படிவத்தை நீட்டி 'புரிந்துகொண்டு சம்மதிக்கிறேன்' என்று கையெழுத்துக் கேட்பது என்ன நியாயம்?

தெரியாமை எவ்வளவு தூரம் துரத்தும்

கபர்ஃபோராவுக்கு 24 ஆண்டுகளுக்கு முன், 1988இல், ஹரியானாவின் குர்கானில் ஏழு பிள்ளைகள் பெற்ற ஒரு கூலித் தொழிலாளிப் பெண் அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொண்டார். இனி கரு தங்காது என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு மாதவிலக்கு நின்றபோது அவர் மருத்துவரிடமே போய்க் கேட்டார். கர்ப்பமெல்லாம் இல்லை என்று பதில் வந்தது. மாதங்கள் கழித்துத் தெரிய வந்தபோது, கருக்கலைப்பு ஆபத்து என்றார்கள். எட்டாவது குழந்தை பிறந்தது. வழக்கில்தான் தெரிந்தது, வலது குழாயை மட்டும் கட்டிவிட்டு இடது குழாயைத் தொடவே இல்லை. 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 54,000 ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது.

அறுவையில் நடந்தது மருத்துவரின் அலட்சியம். அதை விட்டுவிடுவோம். ஆபரேஷன் தவறக்கூடும் என்ற ஒரு வரியை அந்தப் பெண்ணிடம் முதலிலேயே சொல்லியிருந்தால், 'கர்ப்பம் இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குத் திரும்பியிருக்க மாட்டார். ஒரு சிறுநீர்ப் பரிசோதனையாவது கேட்டிருப்பார்.

2005இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் இதற்கெல்லாம் வழிமுறை வகுத்தது. ஒரே மாதிரியான சம்மதப் படிவம், ஆபரேஷனுக்கு முன் நிரப்ப வேண்டிய சரிபார்ப்புப் பட்டியல், தரக் கண்காணிப்புக் குழு, காப்பீடு எல்லாம் அப்போதே வந்துவிட்டன. கபர்ஃபோரா நடந்தது அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து. விதி இல்லாததால் நடந்த சம்பவம் இல்லை அது. அந்தக் காப்பீடு இன்று இழப்பீட்டுத் திட்டமாகத் தொடர்கிறது. ஆபரேஷன் தவறினால் முன்பு 30,000 ரூபாய், 2016 தீர்ப்புக்குப் பிறகு 60,000 ரூபாய். தவறியது தெரிந்த 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சீட்டில் இதை எழுதிக் கொடுத்தால் போதும். தெரியாதவர்களுக்கு 90 நாள் என்பது ஓடியே போய்விடும், கர்ப்பம் என்று உறுதியாவதற்கே பாதி நாள் ஆகிவிடுகிறதே.

பிலாஸ்பூரும் தீர்ப்பும்

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே 2014 நவம்பர் 8 அன்று சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், பயன்பாட்டில் இல்லாத ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். ஒரு நாளைக்கு ஒரு மருத்துவர் 30 பேருக்கு மேல் செய்யக் கூடாது என்பது விதி. அந்த மாவட்டத்தில் அந்த வாரம் நடந்த முகாம்களுக்கு வந்த பெண்களில் 13 பேர் இறந்தார்கள். நோய்த்தொற்றா, கொடுத்த மாத்திரையில் கலப்படமா என்று பிறகு நீண்ட விவாதம் நடந்தது. இறந்தவர்கள் இளம் தாய்மார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் இதையும் சேர்த்தே பார்த்தது. 2010 முதல் 2013 வரை நாடு முழுவதும் ஆபரேஷனின்போதும் அதன் பிறகும் 363 பேர் இறந்ததை அது பதிவு செய்தது. மூன்று ஆண்டுகளுக்குள் முகாம் முறையை நிறுத்த வேண்டும் என்றது. இதைத்தான் எல்லோரும் தலைப்பாக எழுதினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது உத்தரவுகளின் ஆரம்பத்தில் வரும் சில வரிகள்.

சரிபார்ப்புப் பட்டியலில் உள்ளதை அந்தப் பெண்ணுக்கு அல்லது ஆணுக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும். ஆபரேஷனின் தாக்கத்தையும் பின்விளைவையும் சொல்ல வேண்டும். அவர் புரிந்துகொண்டார் என்று மருத்துவர் சான்று தர வேண்டும். அது மட்டும் போதாது, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரும் தனியாகச் சான்று தர வேண்டும். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, மனம் மாறினால் மாறட்டும் என்று ஒரு மணி நேரம் போல அவகாசம் கொடுக்க வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தை நீதிமன்றம் கேட்டது பெரிய விஷயம். குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் அறுபது ஆண்டு வரலாற்றில், 'வேண்டாம்' என்று சொல்வதற்கு நேரம் ஒதுக்கச் சொன்ன உத்தரவு வேறு எதையும் நான் பார்த்ததில்லை. கபர்ஃபோராவில் 53 பேருக்கும் சேர்த்தே இரண்டு மணி நேரம்தான் கிடைத்தது என்பதோடு வைத்துப் பார்த்தால் இதன் எடை புரியும்.

அதற்குப் பிறகு

நல்லதும் நடந்தது. பிள்ளைப்பேறு விகிதம் அதிகமாக இருந்த ஏழு மாநிலங்களின் 146 மாவட்டங்களில், பீகாரும் சத்தீஸ்கரும் அதில் உண்டு, 2016இல் 'மிஷன் பரிவார் விகாஸ்' திட்டம் வந்தது. மாமியார், மருமகள் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசும் கூட்டங்கள், புதுமணத் தம்பதிகளுக்குக் கருத்தடைச் சாதனங்கள் அடங்கிய பை என்று புதிய முயற்சிகள் தொடங்கின. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி, லக்னோவில் உருவான ஹார்மோன் இல்லாத 'சாயா' வாரமாத்திரை இரண்டும் அரசு நிலையங்களுக்கு வந்தன. அந்தரா போட்டால் மாதவிலக்கு ஒழுங்கு மாறும், சிலருக்கு நின்றுகூடப் போகும், அதில் ஆபத்தில்லை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்துபோய் இரண்டாவது ஊசிக்கு வர மாட்டார்கள். புதிய முறை எது வந்தாலும் கூடவே பேச்சும் வந்தாக வேண்டும்.

கெட்டதும் தொடர்ந்தது. 2020 பிப்ரவரியில் மத்தியப் பிரதேச சுகாதாரத் துறை, ஆண் பணியாளர்கள் குறைந்தது ஓர் ஆணையாவது ஆபரேஷனுக்குக் கொண்டுவராவிட்டால் சம்பளம் கிடையாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது. 2022 ஆகஸ்டில் தெலங்கானாவின் இப்ராகிம்பட்டணத்தில் ஒரே நாளில் 34 பெண்களுக்கு ஆபரேஷன் செய்ததில் நான்கு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் பீகாரின் ககரியா மாவட்டத்தில் மரத்துப்போகும் ஊசி சரியாகப் போடாமலே அறுத்தார்கள் என்று பெண்கள் புகார் சொன்னார்கள். நீதிமன்றம் கொடுத்த மூன்றாண்டுக் கெடு 2019இலேயே முடிந்துவிட்டது.

தமிழ்நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை

இதையெல்லாம் படிக்கும்போது வடக்கே நடக்கும் கொடுமை என்று தோன்றும். நமக்கு நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, திறமையான மருத்துவர்கள் இருக்கிறார்கள், டார்ச் விளக்கில் யாரும் அறுப்பதில்லை. ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை 2019-21 கணக்கெடுப்பிலேயே 1.8க்கு வந்துவிட்டது. எல்லாம் உண்மை.

ஆனால் அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் வரிசையையும் பார்க்க வேண்டும். ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 57.8 சதவீதம், நாட்டின் சராசரியைவிட இருபது புள்ளி அதிகம். ஆண்கள் 0.1 சதவீதம். நம் ஊரில் 'குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சா?' என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், இரண்டாவது பிரசவத்தோடு பெண்ணுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டதா என்பது. முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் என்ன செய்வது என்ற கேள்விக்கு நம்மிடம் பழக்கத்தில் பதிலே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் அவசர மாத்திரையைத் திரும்பத் திரும்ப வாங்கிப் போடுகிற பெண்கள் இருக்கிறார்கள். அது வழக்கமாகப் போடும் மாத்திரை இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

பிரசவ வார்டில் சம்மதம் வாங்கும் விதத்தையும் பேசியாக வேண்டும். வலியிலோ மயக்கத்திலோ இருக்கும்போது வாங்கும் சம்மதம் செல்லாது என்பது எழுதப்பட்ட விதி. கர்ப்ப காலப் பரிசோதனைக்கு அவள் மாதாமாதம் வருகிறாள். கிராம சுகாதார செவிலியருக்கு அவள் பெயர், ஊர், மாமியார் பெயர் முதற்கொண்டு தெரியும். ஆறேழு மாதம் கையில் இருக்கிறது. கணவரையும் ஒரு நாள் வரச்சொல்லிப் பேச அவ்வளவு அவகாசம் இருந்தும், கேள்வி பெரும்பாலும் பிரசவத்துக்கு முதல் நாளோ மறுநாளோதான் வருகிறது. 'ரெண்டு ஆச்சுல்ல, பண்ணிடலாமா?' அம்மா தலையாட்டுகிறார், மாமியார் தலையாட்டுகிறார், கணவர் கையெழுத்துப் போடுகிறார். கணவரின் கையெழுத்து சட்டப்படி தேவையே இல்லை. அவளுடைய சம்மதம் மட்டும்தான் தேவை.

இந்தப் பெண்களில் பலர் முழுத் தகவலும் தெரிந்தபிறகும் ஆபரேஷனையே தேர்ந்தெடுத்திருக்கலாம். அது நல்ல முறைதான், லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு நிம்மதி கொடுத்த முறை. அவர்கள் தேர்ந்தெடுத்தார்களா என்பதுதான் நமக்குத் தெரியவில்லை.

மருத்துவமனைகளும் மாவட்டங்களும் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை ஆபரேஷன், எத்தனை காப்பர்-டி என்று கணக்குக் கொடுக்கின்றன. தரக் கண்காணிப்புக் குழுக்கள் ஆண்டறிக்கை வெளியிட வேண்டும் என்றும் 2016 தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அந்த அறிக்கையில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: ஆலோசகரிடம் பேசிய பிறகு ஆபரேஷன் வேண்டாம் என்று வேறு முறைக்குப் போனவர்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர். ஆலோசகருக்கும் ஆஷாவுக்கும் அந்தப் பேச்சுக்கே ஊதியம் தர வேண்டும், பேசி முடித்த பிறகு அவள் எந்த முடிவை எடுத்தாலும் சரி. அந்த வரியில் ஆண்டு முழுக்கப் பூஜ்யம் காட்டும் மாவட்டம் எதுவோ, அங்கேதான் முதலில் போய் விசாரிக்க வேண்டும்.